முத்தப்பூச்சியும் சாகஸ் நோயும்: கிருமி கடியில் இல்லை, கழிவில் இருக்கிறது

#1 அறுகால்

முத்தப்பூச்சி என்ற இரத்தம் குடிக்கும் பூச்சி வழியாகப் பரவி, பல ஆண்டு கழித்து இதயத்தைக் கெடுக்கும் சாகஸ் நோயைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ஒரே பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கொசு கடித்து மலேரியா வருவதுபோல முத்தப்பூச்சி கடித்து சாகஸ் வரும் என்று எழுதிவிடுகிறார்கள். கொசு தன் எச்சிலோடு கிருமியை உள்ளே விடுகிறது. முத்தப்பூச்சியின் எச்சிலில் சாகஸ் கிருமி கிடையாது. அது பூச்சியின் பின்குடலில் முற்றி, கழிவோடு வெளியே வருகிறது. இது பிடிபடாவிட்டால் தடுப்பு வேலை எதுவும் ஏன் செய்கிறோம் என்றே புரியாது. அதற்காகத்தான் இந்த இழை.

நடப்பது இதுதான். தென் அமெரிக்காவில் ஒரு மண்சுவர் வீடு. விளக்கை அணைத்து ஆள் உறங்கியதும் பூச்சி விரிசலிலிருந்து இறங்கி வருகிறது. மூச்சில் வரும் கரியமில வாயுவும் உடற்சூடும் அதற்கு வழிகாட்டிகள். போர்வைக்கு வெளியே தெரிவது பெரும்பாலும் முகம் என்பதால் அங்கேதான் கடி. முத்தப்பூச்சி என்ற பெயரும் அதனால் வந்தது. தலைக்கு அடியில் மடக்குக் கத்திபோல மடித்து வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை முன்னே நீட்டி, தோலுக்குள் செலுத்தி, நுண்ணிய இரத்தக்குழாயைத் தேடிப் பிடிக்கிறது. எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருள் இருப்பதால் தூங்குபவருக்குத் தெரிவதில்லை. ரோட்னியஸ் என்ற முத்தப்பூச்சிப் பேரினத்தின் எச்சில் சுரப்பிகளைப் பிரித்துப் பார்த்தால் செக்கச்செவேல் என்றிருக்கும். நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து வந்து நம் இரத்தக்குழாயை விரித்துக் கொடுக்கும் புரதங்களின் நிறம் அது.

10 முதல் 20 நிமிடம் குடிக்கிறது. தட்டையாக வந்த வயிறு திராட்சைபோல உப்பிவிடும். குடித்ததில் உள்ள உபரி நீரை உடனே இறக்கியாக வேண்டும், அதனால் குடித்த இடத்திலேயே, தோலின்மேலேயே கழிக்கிறது. கிருமி அந்தத் துளியில் இருக்கிறது. அரிப்பெடுத்துத் தூக்கக் கலக்கத்தில் சொறியும்போது துளி கடிவாய்க்கோ கண்ணுக்கோ வாய்க்கோ போய்ச் சேருகிறது. சிராய்ப்பில்லாத தோலைக் கிருமியால் துளைக்க முடியாது. கண்சவ்வையும் வாய்ச்சவ்வையும் முடியும்.

1909இல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், லசான்ஸ் என்ற ஊரில், ரயில்பாதை போடும் தொழிலாளர்களிடையே மலேரியாவை ஒழிக்கப் போன கார்லோஸ் சாகஸ் இதைக் கண்டுபிடித்தார். வழக்கமான வரிசைக்கு மாறாக, முதலில் பூச்சியின் குடலில் கிருமியைக் கண்டார், பிறகே நோயாளியைக் கண்டார். அந்த முதல் நோயாளி 2 வயதுப் பெண் குழந்தை. தன் ஆசான் ஒஸ்வால்டோ குரூஸின் பெயரால் கிருமிக்கு டிரிபனோசோமா குரூசி என்று பெயரிட்டார். பரவும் வழி விஷயத்தில் அவரே கடிதான் காரணம் என்று நம்பினார். கழிவுதான் என்று 1912இல் காட்டியவர் பிரெஞ்சு ஒட்டுண்ணியியல் அறிஞர் எமில் புரூம்ப்ட்.

#2 முதுகலை_மாணவி

அறுகால் ஐயா, மூணு சந்தேகம். எல்லா முத்தப்பூச்சியிலும் கிருமி இருக்குமா? இறக்கை இல்லாத குட்டிப் பூச்சியும் பரப்புமா? தொற்றுள்ள இரத்தத்தைக் குடிச்ச பூச்சி எத்தனை நாள்ல ஆபத்தாகும்?

#3 அறுகால்

பிறக்கும்போது எந்தப் பூச்சியிலும் கிருமி இல்லையம்மா. முட்டை வழியாகத் தாய்ப்பூச்சியிடமிருந்து வராது. தொற்றுள்ள மனிதரையோ விலங்கையோ கடித்தால்தான் ஏறும். ஏறிவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கும். இரத்தத்தில் சுற்றும் வடிவம் நடுக்குடலில் உருமாறிப் பெருகி, பின்குடலுக்கு வந்து, தொற்றக்கூடிய கடைசி வடிவம் எடுக்க 2 முதல் 4 வாரம் பிடிக்கும்.

முட்டைக்குப் பிறகு ஐந்து இளம்பருவங்கள், அப்புறம்தான் இறக்கை முளைத்த முதிர்பூச்சி. ஆண், பெண், இளம்பூச்சி எல்லாமே இரத்தம் மட்டும்தான் குடிக்கும். ஆகவே குட்டியும் பரப்பும். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் வயிறு நிறைய இரத்தம் வேண்டும், கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து குடியேறும்போது சுவரில் உயிரோடு பூச்சி இருப்பது அதனால்தான். இந்தப் பட்டினியும், ஒரே சாப்பாட்டில் தோலுரிப்பு தொடங்கும் ஒழுங்கும்தான் 1930களில் விகிள்ஸ்வொர்த் என்ற பூச்சி உடலியல் அறிஞருக்குக் கைகொடுத்தன. தலையைத் துண்டித்த ரோட்னியஸ் இளம்பூச்சிகளை மாதக்கணக்கில் உயிரோடு வைத்து, தோலுரிப்பை நடத்தும் சுரப்புநீர் தலையிலிருந்து வருகிறது என்று அவர் நிறுவினார். பூச்சி உடலியல் படிப்பவர்கள் எல்லாரும் இந்தப் பூச்சிக்குக் கடன்பட்டவர்கள்.

150க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, ஆனால் வீட்டுக்குள் குடும்பம் நடத்துபவை சில. டிரையட்டோமா இன்ஃபெஸ்டன்ஸ் தெற்கே அர்ஜென்டினா, பொலிவியா, பராகுவே பக்கம்; அங்கே அதற்கு வின்சூகா என்று பெயர். ரோட்னியஸ் புரோலிக்சஸ் வெனிசுவேலா, கொலம்பியாவில். டிரையட்டோமா டைமிடியாட்டா மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும். பிரேசிலில் இவற்றுக்குப் பொதுப்பெயர் பர்பெய்ரோ, அதாவது சவரம் செய்பவர். முகத்தைத் தேடி வருவதால்.

எந்த இனம் ஆபத்து என்பதைக் கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை. குடித்து முடித்து எத்தனை நேரத்தில் கழிக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ரோட்னியஸ் புரோலிக்சஸ் குடிக்கும்போதே அல்லது முடித்த உடனே கழித்துவிடும். கலிபோர்னியா, அரிசோனா பக்கமுள்ள டிரையட்டோமா புரோட்ராக்டா குடித்துவிட்டு ஆளைவிட்டு நகர்ந்த பிறகே பெரும்பாலும் கழிக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் தொற்றுள்ள பூச்சிகள் ஏராளம் இருந்தும் உள்ளூர்த் தொற்று குறைவாக இருப்பதற்கு இதுவும், பூச்சி நுழைய இடமில்லாத வீடுகளும் காரணம். அங்கே முதலில் கவலைப்பட வேண்டியது ஒவ்வாமை. இதே இனத்தின் கடியால் மூச்சுத்திணறி, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகிறவர்கள் உண்டு. அங்கே எச்சில்தான் வில்லன்.

#4 ஆய்வகத்தார்

முதல் பதிவில் ஒரு சின்னத் திருத்தம் சேர்க்கிறேன். சாகஸ் கிருமி எச்சிலில் இல்லை என்பது முற்றிலும் சரி. ஆனால் "முத்தப்பூச்சியின் எச்சிலில் எந்த டிரிபனோசோமும் இல்லை" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குரூசியின் பேரினத்திலேயே டிரிபனோசோமா ரேஞ்செலி என்று ஒன்று உண்டு. ரோட்னியஸ் இனங்களின் எச்சில் சுரப்பிக்கே போய், கடி வழியாகவே மனிதருக்கு வரும். நோய் எதுவும் செய்யாது, ஆனால் ஆய்வகத்தைக் குழப்பும். கொலம்பியா, வெனிசுவேலா பக்கத்து மாதிரிகளில் கட்டாயம் நினைவில் இருக்க வேண்டியது.

கண்ணாடித் துண்டில் மெல்லப் பரப்பி ஜீம்சா சாயமிட்ட இரத்தப் பூச்சில் பிரித்தறிய எளிய வழி கைனெட்டோபிளாஸ்ட், அதாவது கிருமிக்குள் சாயமேறித் தெரியும் டிஎன்ஏ திரள். குரூசியில் அது பின்நுனியருகே பெரிதாக, உருண்டையாக, உடலின் விளிம்பையே புடைக்க வைக்கும் அளவுக்கு இருக்கும்; உடல் சி வடிவில் வளைந்து கிடக்கும். ரேஞ்செலியில் கைனெட்டோபிளாஸ்ட் சின்னப் புள்ளி, உடல் நீளம்.

பூச்சியைப் பரிசோதிப்பவர்களுக்கு: உயிருள்ள பூச்சியின் வயிற்றை இடுக்கியால் பின்னோக்கி மெல்ல அழுத்தினால் ஒரு சொட்டுக் கழிவு வரும். கண்ணாடித் துண்டில் அதை ஒரு சொட்டு உப்புநீரோடு கலந்து மூடி, 400 மடங்கில் பாருங்கள். துள்ளித் துள்ளி நகர்வது தெரியும். கையுறை மட்டும் போதாது, கண்ணாடியும் போட வேண்டும். அழுத்தும்போது தெறிக்கும் துளி கண்ணில் பட்டால் அது உண்மையான தொற்றுவழி.

#5 தெளிப்பான்

களவேலைப் பக்கத்தை நான் சொல்றேன். மருந்து அடிக்கிறதுக்கு முன்னால வீட்டுல பூச்சி இருக்கான்னு தேடணும். கட்டில் தலைமாட்டுச் சுவர், படத்துக்குப் பின்பக்கம், மெத்தைக்கு அடி, உத்தரமும் சுவரும் சேர்ற மூலை, விறகுக் குவியல், கோழிக்கூடு. பூச்சி கண்ணுல படாட்டியும் அடையாளம் இருக்கும். சுவர்ல மேலிருந்து கீழா வழிஞ்ச கறுப்பு, வெள்ளைக் கோடுகள்தான் கழிவு. அதோட உரிச்சுப் போட்ட தோலும் முட்டையும் தேடுங்க. டிரையட்டோமா முட்டை உதிரியாக் கிடக்கும், ரோட்னியஸ் முட்டையை ஓலையில ஒட்டி வைக்கும்.

தேடலை ஆள்-மணிக் கணக்குல (எத்தனை பேர், எத்தனை மணி நேரம்) எழுதணும், இல்லன்னா போன வருஷத்தோட ஒப்பிட முடியாது. விரிசலுக்குள்ள 0.2 சதவீத டெட்ராமெத்ரின் பீய்ச்சினா உள்ள இருக்கிறது வெளிய ஓடி வரும். மலிவான வழி ஒண்ணும் இருக்கு. தலைமாட்டுச் சுவர்ல ஒரு வெள்ளைத் தாளைக் குத்தி வைங்க. பூச்சிக்குத் தன் இனத்துக் கழிவு வாசனை பிடிக்கும், தாளுக்குப் பின்னால ஒதுங்கும், கழிவுக் கோடு தாள்ல பதியும்.

இனி மருந்து. டெல்டாமெத்ரின் இலக்கு ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம். தெளிப்புக் குழாயில மாட்டுற 8002 எண் விசிறி முனையில ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லி கரைசல் விழும். அப்போ 10 லிட்டர் தொட்டி 250 சதுர மீட்டருக்கு. 25 x 250 = 6,250 மில்லிகிராம், அதாவது 6.25 கிராம் மூலமருந்து. 5 சதவீத நனையும் தூள் வச்சிருந்தா 125 கிராம், 2.5 சதவீதமா இருந்தா 250 கிராம். இந்தக் கணக்கைப் பையில என்ன சதவீதம்னு பார்க்காமப் போட்டா பாதி வீரியமோ இரட்டை வீரியமோ ஆகிடும். முதல்ல கொஞ்சம் தண்ணியில கூழாக் குழைச்சு அப்புறம் தொட்டியில ஊத்துங்க, கட்டி தட்டினா முனை அடைக்கும்.

முனைக்கும் சுவருக்கும் 30 சென்டிமீட்டர் தூரம். பட்டை பட்டையா மேலிருந்து கீழ, அடுத்த பட்டை கீழிருந்து மேல. அழுத்தம் இறங்கினா நிறுத்தி மறுபடி ஏத்தணும். துளி பெருசாகி வழிஞ்சா மருந்து தரையில, சுவர்ல ஒண்ணும் இருக்காது.

#6 நெறியாளர்

தெளிப்பான், தூரத்தைச் சரிபாருங்கள். அந்த முனைக்கு 45 சென்டிமீட்டர் என்பதே வழக்கு.

#7 தெளிப்பான்

ஆமாங்க, என் தவறு. 45தான். 45ல நின்னாத்தான் பட்டை அகலம் 75 சென்டிமீட்டர் வரும், அடுத்த பட்டையோட 5 சென்டிமீட்டர் மேல ஏறணும். 30ல நின்னா பட்டை குறுகி அதே பரப்புக்கு மருந்து கூடிடும். யாராவது மேல உள்ளதை நகலெடுத்திருந்தா திருத்திக்கோங்க.

அடிச்ச பிறகு சொல்ல வேண்டியது: காயுற வரைக்கும் யாரும், எந்தப் பிராணியும் உள்ள வேண்டாம். அப்புறம் சுவரைக் கழுவாதீங்க, சுண்ணாம்பு அடிக்காதீங்க. சுண்ணாம்பின் காரம் டெல்டாமெத்ரின் மாதிரியான பைரெத்ராய்டு மருந்தைச் சிதைக்கும், மேல்பூச்சு மருந்தை மூடிடும். பண்டிகைக்கு வெள்ளையடிக்கிற வீட்டுல முதல்ல அடிச்சு நல்லாக் காஞ்ச பிறகு மருந்து.

#8 மண்சுவர்

தெளிப்பானோடு ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மருந்தை மட்டும் நம்பினால் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பூச்சி குடியிருப்பது வீட்டில் அல்ல, விரிசலில். சுடாத மண்கல் சுவர் காயும்போது சுருங்கி வெடிக்கிறது. களிமண் கூடுதலாக இருந்தால் வெடிப்பும் கூடும். 25 மில்லிகிராம் சுவரின் முகத்தில் படிகிறது, பூச்சி உள்ளே விரற்கடை ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு மண்சுவர் உறிஞ்சும். எண்ணெய்க் கரைசல் வகை மருந்தை அடித்தால் சுவர் குடித்துவிடும், மேலே நிற்காது. நனையும் தூள் அல்லது மருந்துத் துகள் கரையாமல் மிதக்கும் தொங்கல் கரைசல்தான் முகத்தில் தங்கும்.

செய்ய வேண்டிய வேலை பூச்சுதான். தளர்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, விரிசலை உளியால் சற்று அகலப்படுத்தி, நீர் தெளித்து, முதலில் விரிசலை மட்டும் அடைத்துக் காயவிட வேண்டும். இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்து ஒரே கனமாகப் பூசுகிறவர்கள்தான் அடுத்த கோடையில் அதே இடத்தில் வெடிப்பைப் பார்க்கிறார்கள். பிறகு மணல் கூட்டிய மண்கலவையை மெல்லிய இரண்டு பூச்சாக. குவாத்தமாலாவில் டைமிடியாட்டாவுக்கு எதிராக உள்ளூர் மண்ணோடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்துச் சுவரும் தரையும் பூசினார்கள். சிமென்ட் வாங்க முடியாத குடும்பமும் தானே செய்துகொள்ளக்கூடிய முறை அது. தரையைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: டைமிடியாட்டாவின் இளம்பூச்சி உடம்பெல்லாம் புழுதியைப் பூசிக்கொண்டு மண்தரையில் கிடக்கும். டார்ச் அடித்துத் தேடினாலும் மண்கட்டி என்றே தோன்றும்.

ஓலைக்கூரை தனிப் பிரச்சினை. ரோட்னியஸ் இயற்கையில் வாழ்வதே பனைவகை மரங்களின் மட்டைகளில். காட்டிலிருந்து ஓலை வெட்டிக் கூரை வேய்ந்தால் அதில் ஒட்டிய முட்டையும் சேர்ந்தே வீடேறுகிறது.

#9 தெளிப்பான்

பூச்சு வேணும்கிறதை நான் மறுக்கலை, தோழர். ஆனா வரிசையை மாத்தக் கூடாது. பூச்சிகள் உள்ள இருக்கும்போது பூசினா கொஞ்சம் அடைபடும், மீதி கட்டிலுக்கும் பெட்டிக்கும் இடம் மாறும். முதல்ல மருந்து, பிறகு பூச்சு, பூச்சு காஞ்சதும் மறுபடி ஒரு சுற்று மருந்து.

மருந்தோட பலனையும் குறைச்சுச் சொல்லிட முடியாது. 1991ல அர்ஜென்டினா, பொலிவியா, பிரேசில், சிலி, பராகுவே, உருகுவே ஆறு நாடும் சேர்ந்து தெற்குக் கூம்புத் திட்டம் தொடங்கினாங்க. இன்ஃபெஸ்டன்ஸ் வழித் தொற்று நின்னதுன்னு உருகுவேக்கு 1997லயும், சிலிக்கு 1999லயும், பிரேசிலுக்கு 2006லயும் சான்று கிடைச்சது. வீடு வீடா அடிச்சதுதான் முதுகெலும்பு. அந்த இனம் பெரும்பாலும் வீட்டையே நம்பி வாழ்றதால அது முடிஞ்சது. காட்டுலயும் வீட்டுலயும் மாறி மாறி வாழ்ற டைமிடியாட்டாவை இப்படி முடிக்க முடியாது, அங்க உங்க வழிதான் நிக்கும்.

எங்க தோத்தோம்னா கிரான் சாக்கோ. வட அர்ஜென்டினா, தென் பொலிவியாவுல பைரெத்ராய்டுக்கு அசையாத இன்ஃபெஸ்டன்ஸ் கூட்டங்கள் வந்துடுச்சு. அடிச்ச சில வாரத்துல உயிருள்ள பூச்சி கிடைச்சா உடனே "தெளிப்பு சரியில்லை"ன்னு எழுதிடாம, பூச்சியைப் பிடிச்சு எதிர்ப்புச் சோதனைக்கு அனுப்பணும்.

#10 கால்நடை_மருத்துவர்

கோழிக்கூட்டை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். மருந்தடித்த வீட்டுக்குள் பூச்சி மறுபடி குடியேறுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். பறவைகளுக்கு குரூசி தொற்றாது. கிருமி உள்ளே போனாலும் அவற்றின் இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் அழித்துவிடும். அதனால் கோழி பாதுகாப்பானது என்று நினைத்துப் படுக்கையறைச் சுவரை ஒட்டியே கூடு கட்டுகிறார்கள். கோழி கிருமியைத் தராது, இரத்தத்தைத் தரும். நூற்றுக்கணக்கில் பூச்சி அங்கே கொழுக்கும். பக்கத்திலேயே தொற்றுள்ள நாய் படுத்திருந்தால் அந்தக் கூட்டம் முழுவதும் கிருமியேறும். வெயிலும் மழையும் படுவதால் கூட்டில் அடித்த மருந்து வீட்டுச் சுவரில் நிற்பதைவிட மிகச் சீக்கிரம் வீரியம் இழக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டை வீட்டைவிட்டுத் தள்ளி, பிரித்துச் சுத்தம் செய்யக்கூடிய கம்பிவலையில் கட்டச் சொல்லுங்கள். குச்சியும் மண்ணும் வேண்டாம். ஆண்டீஸ் மலை வீடுகளில் சமையலறைக்குள் வளர்க்கும் கினிப் பன்றிக்கும் இதே விதி. அது கிருமியையும் சுமக்கும் என்பதால் கூடுதல் கண்டிப்பு.

நாய்தான் வீட்டுச் சுழற்சியின் மையம். பூச்சி கடித்து மட்டுமல்ல, பூச்சியைக் கடித்துத் தின்றும் நாய்க்குத் தொற்றும். இளம் நாய் திடீரென்று சோர்ந்து விழுந்தால், வயிற்றில் நீர் கோத்தால், இதயத்துடிப்பு ஒழுங்கு தவறினால் இதை நினைக்க வேண்டும். டெல்டாமெத்ரின் கழுத்துப்பட்டை பூச்சி குடிப்பதைக் குறைக்கும். ஃபுளூராலானர் மாத்திரை கொடுத்த நாயின் இரத்தத்தைக் குடித்த பூச்சிகள் சாகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவில் நாயைப் படுக்கையறைக்குள் விடாததும் சேர வேண்டும்.

#11 முதுகலை_மாணவி

சாப்பாடு வழியாவும் பரவும்னு படிச்சேன். சமைச்ச உணவிலயுமா?

#12 ஆய்வகத்தார்

சமைத்ததில் இல்லை. பச்சையாக அரைக்கும், பிழியும் சாறுகளில். பூச்சியோ அதன் கழிவோ சேர்ந்து அரைபட்டால் போதும். 2005இல் பிரேசிலின் சாண்டா கத்தரினாவில் கரும்புச்சாறு, 2007இல் கராகஸ் நகரப் பள்ளியொன்றில் கொய்யாச்சாறு. கராகஸில் மட்டும் 103 பேருக்குத் தொற்று உறுதியானது. அமேசான் பகுதியில் அசாயி பழக்கூழ் நிரந்தரக் கவலை. பனைவகை மரத்தின் பழம் என்பதால் பூச்சி குலையோடு வந்துவிடும், விளக்கொளிக்கு வந்து அரவை இயந்திரத்திலும் விழும். ஒப்போசம் என்ற பைம்மா விலங்கின் குதச் சுரப்பியிலும் தொற்றக்கூடிய வடிவம் பெருகுவதுண்டு. அது நடமாடும் இடத்தில் திறந்து வைத்த கரும்பும் பழமும் ஆபத்துதான்.

அசாயிக்குச் செய்யும் முறை: சலித்து, பூச்சியும் குப்பையும் பொறுக்கி, கழுவி, பழத்தை 80 பாகை சூட்டு நீரில் 10 விநாடி முக்கி எடுத்து உடனே குளிர்நீரில் ஆற்றிய பிறகு அரைப்பது. உறையவைத்தால் போதும் என்று விடக் கூடாது. கூழில் உறைந்த கிருமி மறுபடி உயிர்ப்போடு வந்திருக்கிறது.

வாய்வழித் தொற்றில் ஒரே மடக்கில் கிருமி ஏராளமாகப் போவதால் நோயும் கடுமை. முகம் வீங்கி, விடாக் காய்ச்சலோடு, இதயத்தசை அழற்சியாகவே தொடங்கலாம். ஒரே வீட்டில், ஒரே விருந்தில் உண்ட பலருக்கு ஒன்றாகக் காய்ச்சல் என்றால் இரத்தத்தை உடனே நுண்ணோக்கியில் பாருங்கள்.

#13 இதயத்துடிப்பு

மருத்துவப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

பூச்சிவழித் தொற்றில் 1 முதல் 2 வாரத்தில் தீவிரக் கட்டம் தொடங்கி சுமார் இரண்டு மாதம் நீடிக்கும். காய்ச்சல், நெறிகட்டு, சோர்வு. கண்வழியாக நுழைந்தால் ஒரு பக்க இமை மட்டும் வலியின்றி ஊதாநிறமாக வீங்கும். ரொமான்யா குறி என்பது அதுதான். பாதிப் பேருக்குக்கூட இப்படி வெளித்தெரியும் குறி இருப்பதில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று போய்விடுகிறது.

பிறகு மௌனம். பத்து, இருபது, முப்பது ஆண்டு. கிருமி இதயத்தசைக்குள்ளும் உணவுப்பாதைத் தசைக்குள்ளும் தங்கி, மெல்ல நரம்பிழைகளையும் தசையையும் நாசமாக்குகிறது. தொற்றுள்ளவர்களில் மூவரில் ஒருவர்வரை இதயக்கோளாறுக்கு வருகிறார்கள், பத்தில் ஒருவர்வரை உணவுக்குழாய் அல்லது பெருங்குடல் விரிவு முதலிய கோளாறுகளுக்கு. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து இறக்குகிறவர், வாரக்கணக்கில் மலம் போகாதவர், அந்த நிலப்பகுதியில் பிறந்தவர் என்றால் சாகஸ் பரிசோதனை செய்யுங்கள்.

ஈசிஜியில் இதய மின்பாதையின் வலது கிளை அடைப்பும் இடது முன்கிளை அடைப்பும் சேர்ந்து வந்தால் அது சாகஸின் கையெழுத்து போன்றது. எக்கோவில் (ஒலி அலையால் எடுக்கும் இதயப் படம்) இடது கீழறையின் நுனியைத் தனியாகத் தேடிப் பாருங்கள். அங்கே சுவர் மெலிந்து பை போலப் புடைத்திருக்கும், உள்ளே இரத்தக்கட்டி உட்கார்ந்திருக்கும். பக்கவாதம் வந்த பிறகு சாகஸ் என்று தெரிவது இதனால்தான். வழக்கமான கோணத்தில் மட்டும் பார்த்தால் நுனி தப்பிவிடும். அறிகுறி இல்லாதவருக்கும் ஆண்டுக்கொரு ஈசிஜி எடுக்க வேண்டும்.

உலக அளவில் 70 லட்சம் பேர் அளவில் தொற்றோடு வாழ்கிறார்கள். ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் சாகிறார்கள். தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது என்பதுதான் எனக்கு ஆறாத வேதனை. ஒரு சொட்டு ஊநீரில் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) தெரிந்துவிடும் நோய் இது.

#14 ஆய்வகத்தார்

ஒரு சொட்டில் தெரியும், ஆனால் ஒரு சோதனையில் முடிவு சொல்லக் கூடாது. நாட்பட்ட கட்டத்தில் இரத்தத்தில் கிருமி மிகக் குறைவு, ஆகவே எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறோம். வெவ்வேறு ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் கிருமிப் பொருள்) கொண்ட இரண்டு சோதனைகள், உதாரணமாக ஒரு எலைசாவும் ஒரு ஒளிர்வுச் சோதனையும், இரண்டும் ஒத்துவர வேண்டும். முரண்பட்டால் மூன்றாவது. லீஷ்மேனியா என்ற உறவுக் கிருமியின் தொற்றுள்ளவருக்கு ஒன்று பொய்யாக நேர்மறை காட்டுவதுண்டு.

தீவிரக் கட்டத்தில் இது தலைகீழ். எதிர்ப்பொருள் இன்னும் வந்திருக்காது, கிருமி இரத்தத்தில் நீந்தும். சாயமிடாத புது இரத்தத்தை நேராகப் பாருங்கள், அல்லது நுண்குழாயில் சுழற்றிச் சிவப்பணுவுக்கும் ஊநீருக்கும் நடுவிலுள்ள வெண்படலத்தைப் பாருங்கள். மலேரியாவுக்கு எடுத்த இரத்தப் பூச்சிலேயே சாகஸ் தெரிந்த நேர்வுகள் அமேசானில் உண்டு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவர் நுண்ணோக்கியில் இருந்தால் போதும்.

#15 முதுகலை_மாணவி

கர்ப்பிணிக்கு இருந்தா குழந்தைக்கு வருமா? மருந்து இருக்கா?

#16 இதயத்துடிப்பு

வரலாம். தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில். பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்திலோ குழந்தையின் இரத்தத்திலோ நுண்குழாய் முறையாலும் பிசிஆராலும் பார்க்க வேண்டும். எதிர்மறை என்றாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். தாயின் எதிர்ப்பொருள் வடியக் காத்திருந்து 9 மாதத்துக்கு மேல் ஊநீர்ச் சோதனை செய்தால்தான் விடை உறுதி. தாய்மார் இந்த இரண்டாம் வருகைக்கு வராமல் போவதில்தான் குழந்தைகள் தவறிப்போகிறார்கள், பிரசவ அட்டையிலேயே தேதியை எழுதிக் கொடுங்கள். முதல் ஆண்டுக்குள் மருந்து கொடுத்தால் 90 சதவீதத்துக்கு மேல் குணமாகும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. காம்பு வெடித்து இரத்தம் வரும்போது மட்டும் இடைவெளி.

மருந்து இரண்டு: பென்ஸ்னிடசோல், நிஃபர்டிமாக்ஸ். பென்ஸ்னிடசோல் பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிகிராம், இரு வேளையாகப் பிரித்து 60 நாள். 60 கிலோ ஆளுக்கு 5 வீதம் கணக்கிட்டால் 300 மில்லிகிராம், 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று. கர்ப்பகாலத்தில் கொடுப்பதில்லை. கருத்தரிக்கும் முன்பே பெண்களைச் சோதித்து மருந்து முடித்துவிட்டால் பிறக்கும் குழந்தைக்குப் பரவுவது பெரிதும் குறைகிறது.

முதல் இரண்டு வாரத்தில் தடிப்பு வரலாம். லேசானது என்றால் ஒவ்வாமை மாத்திரையோடு தொடரலாம். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்தால் நிறுத்த வேண்டும். மாதம் கடந்த பிறகு பாதம் மரத்து எரிந்தால் அது நரம்புப் பாதிப்பு, நிறுத்தினால் மெல்லச் சரியாகும். தொடங்குமுன்னும் இடையிலும் இரத்த அணு எண்ணிக்கை, ஈரல் சோதனை. மது கூடவே கூடாது. நிஃபர்டிமாக்ஸில் பசி செத்து எடை இறங்குவதுதான் பெரிய தொல்லை, வாராவாரம் எடை பாருங்கள்.

#17 ஆய்வகத்தார்

மருந்து முடித்த பெரியவரின் ஊநீர் பல ஆண்டுகள் நேர்மறையாகவே இருக்கும், அதை மருந்து தோற்றதாக எண்ணி மறுபடி 60 நாள் கொடுத்துவிடாதீர்கள்.

#18 கால்நடை_மருத்துவர்

இதயம் ஏற்கெனவே கெட்டவருக்கு மருந்து பயன் தருமா, மருத்துவரே?

#19 இதயத்துடிப்பு

இதயத்தைத் திருப்பித் தராது. 2015இல் வெளிவந்த பெனிஃபிட் ஆய்வில் இதயநோய் ஏற்கெனவே வந்துவிட்ட 2,854 பேரில் பென்ஸ்னிடசோல் இரத்தத்திலிருந்த கிருமியைக் குறைத்தது, இதயநோயின் போக்கை மாற்றவில்லை. அவர்களுக்கு வேண்டியது இதயச் செயலிழப்பு மருந்துகள், துடிப்பு தாழ்ந்தால் பேஸ்மேக்கர், நுனியில் கட்டி இருந்தால் இரத்தம் உறையாத மருந்து. அதனால்தான் சிறுவயதில், இதயம் நன்றாக இருக்கும்போதே கண்டுபிடிக்கச் சொல்லிக் கத்துகிறேன். விதிவிலக்கு ஒன்று: எச்ஐவி, உறுப்புமாற்றம் போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் விழுந்து கிருமி மறுபடி கிளம்பினால் எந்தக் கட்டத்திலும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

#20 முதுகலை_மாணவி

கடைசியா ஒண்ணு. ஆசியாவுல முத்தப்பூச்சியே கிடையாதா? ஒரு பூச்சியைப் பார்த்து இதுதான்னு எப்படி உறுதி செய்யறது?

#21 அறுகால்

பூச்சி உண்டு, சாகஸ் இல்லை. டிரையட்டோமா ருப்ரோஃபாசியாட்டா எலிகளோடு கப்பலேறி வெப்பமண்டலத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் போய்ச் சேர்ந்த இனம். வியட்நாமிலும் தென்சீனத்திலும் அதன் கடியால் ஒவ்வாமை வருகிறது. அது சுமப்பது எலிகளின் டிரிபனோசோமா கொனொரைனை. லின்ஷ்கோஸ்டியஸ் என்ற பேரினம் இந்தியாவில் மட்டுமே உண்டு. இவற்றால் சாகஸ் பரவுவதில்லை. சாகஸ் பகுதிகளுக்கு வெளியே நோய் வருவது தொற்றோடு குடிபெயர்ந்தவர் வழியாக, இரத்ததானம், உறுப்புதானம், கர்ப்பம் என்ற மூன்று வாசல்களில்.

அடையாளத்துக்கு நிறத்தை நம்பாதீர்கள். வயிற்றோரம் சிவப்பு, ஆரஞ்சு பட்டை உள்ள தாவரப்பூச்சிகள் ஏராளம். பூச்சியைக் கண்ணாடிக் குப்பிக்குள் வைத்துப் பக்கவாட்டில் திருப்பி, உறிஞ்சுகுழலைப் பாருங்கள். நேராக, மெலிதாக, மூன்று கணுவோடு தலையின் அடியில் ஒட்டி மடிந்து, முன்கால் அடியைத் தாண்டாமல் இருந்தால் முத்தப்பூச்சி. தடித்து வில்போல வளைந்திருந்தால் பிற பூச்சிகளைத் தின்னும் கொலைகாரப் பூச்சி; அது தோட்டத்துக்கு நல்லது, கையில் எடுத்தால் கடுமையாகக் குத்தும். நான்கு கணுவோடு நீண்டு நடுக்கால்வரை போனால் சாறுண்ணி. தலை முன்னோக்கிக் கூம்பி நீண்டிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

#22 தெளிப்பான்

பிடிக்கிற முறையையும் எழுதிடறேன். வெறுங்கையால நசுக்காதீங்க, செருப்பால அடிச்சாலும் தரையில கழிவுதான் தெறிக்கும். பிளாஸ்டிக் பையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி கையில மாட்டி, பூச்சியை அள்ளி, பையைத் திருப்பிக் கட்டிடுங்க. அது ஊர்ந்த இடத்தை வீட்டு பிளீச் ஒரு பங்குக்கு தண்ணி ஒன்பது பங்கு கலந்து துடைங்க. சீட்டுல தேதி, வீடு, எந்த அறை, எந்தச் சுவர்னு பென்சில்ல எழுதுங்க, பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சிடும்.

#23 ஆய்வகத்தார்

ஆல்கஹாலில் போட்டால் கிருமி செத்துவிடும், அசைவைப் பார்க்க முடியாது, பிசிஆருக்குத் தடையில்லை. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால் துளையிட்ட மூடியுள்ள குப்பியில், மடித்த தாள்துண்டு ஒன்றைப் போட்டு உயிரோடு அனுப்புங்கள். பூச்சி தாளைப் பற்றிக்கொண்டு நிற்கும், வழியில் கழித்தால் அந்தத் தாளிலேயே படியும். பஞ்சை நனைத்து வைக்காதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்து வந்து சேர்வதற்குள் செத்துவிடும்.